குலசையிலிருந்து ராக்கெட் விட்டால் என்ன லாபம்?

கேள்வி: குலசேகரன்பட்டினம் (குலசை) பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எரிபொருள் மிச்சமாகும், அதனால்தான் அங்கே ஏவுதளம் கட்டுகிறார்கள் என்று பல இடங்களில் படித்தேன். ஸ்ரீஹரிகோட்டாவும் அப்படியொன்றும் வடக்கே தள்ளி இல்லையே? இதற்காகவா இவ்வளவு செலவு? (வாசகி, திருச்செந்தூர்)

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. குலசைக்கு இந்தக் காரணத்தைச் சொல்வது தவறு, அது திரும்பத் திரும்ப அச்சாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் நிலம் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறத்தாழ 452, குலசையில் 460. செயற்கைக்கோளுக்கு வேண்டிய வேகமோ நொடிக்கு 7,600 மீட்டர். அதில் 8 மீட்டர் மிச்சம் பிடிக்கவா யாராவது புதிதாக ஏவுதளம் கட்டுவார்கள்? அந்த 8 மீட்டர்கூடக் கிழக்கு நோக்கி ஏவினால்தான் கிடைக்கும். குலசையிலிருந்து முக்கியமாகப் போகப்போவது எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்; அது துருவப் பாதையை, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதையை, நோக்கித் தெற்கே போகும். பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்களுக்கான பாதை துல்லியமான தெற்குகூட அல்ல, கொஞ்சம் மேற்கே சாய்ந்தது. அதனால் பூமி இலவசமாகத் தரும் கிழக்கு வேகத்தை அங்கே கழித்தாக வேண்டும். அதாவது இந்த வேலைக்கு பூமத்திய ரேகையின் பக்கத்தில் இருப்பதால் லாபமே இல்லை.

உண்மையான காரணம் இலங்கை. வரைபடத்தை எடுத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் அது யாழ்ப்பாணம் பக்கம் போய் இலங்கைத் தீவின் மேல் ஏறும். ராக்கெட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த எரிபொருள் அடுக்குகள்; எரிந்து முடிந்த அடுக்குகள் கீழே விழும், ராக்கெட் கோளாறாகி வெடிக்கவும் செய்யலாம், ஆகவே மக்கள் வாழும் நிலத்தின் மேல் விட முடியாது. அதனால் இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான பிஎஸ்எல்வி துருவப் பாதைக்குப் போகும்போது முதலில் தென்கிழக்கே கிளம்பி, கடலுக்கு மேல் நல்ல வேகம் பிடித்த பிறகு தெற்கே திரும்புகிறது. குலசையிலிருந்து தெற்கே கோடு போட்டுப் பாருங்கள், அண்டார்டிகா வரை தண்ணீர்தான். கிளம்பிய திசையிலேயே போய்க்கொண்டிருக்கலாம், அந்தத் திருப்பம் தேவையில்லை.

கிழக்கே போகிற ராக்கெட்டுக்கு ஸ்ரீஹரிகோட்டாவே போதும். 2024 ஆகஸ்ட் 16 அன்று எஸ்எஸ்எல்வி அங்கிருந்துதான் 175 கிலோ இஓஎஸ்-08 செயற்கைக்கோளை 475 கி.மீ உயரத்தில் கொண்டுபோய் வைத்தது. அந்தப் பாதை பூமத்திய ரேகைக்கு 37 டிகிரிதான் சாய்ந்தது, அதனால் இலங்கை குறுக்கே வராது.

உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏவும் நாட்களில் அந்தக் கடலில் படகு போகக் கூடாது. மணப்பாடு, ஆலந்தலை மீனவர்களுக்குத் தேதியை முன்கூட்டியே சொல்வதும், தேதி தள்ளிப்போனால் உடனே தெரிவிப்பதும் ஏவுதளத்தின் வேலைகளில் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: 500 கிலோ செயற்கைக்கோளுக்கு 120 டன் எஸ்எஸ்எல்வி ராக்கெட் எதற்கு? வழியில் லேசாகத் திரும்பினால் அவ்வளவு நஷ்டமா? (கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

பதில்: இரண்டுக்கும் ஒரே கணக்குதான். ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கி அதை 1903-லேயே வெளியிட்டுவிட்டார். ராக்கெட்டிலிருந்து பீறிடும் வாயு என்ன வேகத்தில் போகிறதோ, அதே அளவு வேகத்தை ராக்கெட் கூட்டிக்கொள்ள வேண்டுமானால் அதன் மொத்த எடை ஏறத்தாழ 2.7-ல் ஒரு பங்காகக் குறைந்தாக வேண்டும். இன்னொரு தடவை அதே அளவு கூட்ட, மிச்சமிருப்பதிலும் 2.7-ல் ஒரு பங்கு. இப்படியே.

எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள். அதன் வாயு வேகம் நொடிக்கு 2.7 கி.மீ என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்பாதைக்கு 7.6 கி.மீ வேண்டும், ஏறும்போது ஈர்ப்பு விசையோடும் காற்றோடும் மல்லுக்கட்டுவதில் இன்னும் ஒன்றரை முதல் இரண்டு கி.மீ போகும், மொத்தம் 9-க்கு மேல். கணக்குப் போட்டால் 120 டன்னில் கடைசியில் மிஞ்சுவது மூன்றே முக்கால் டன். கூடு, வாயு பீறிடும் குழல், கருவிகள், செயற்கைக்கோள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நூற்றுப் பதினாறு டன் எரிபொருளை அடைக்கும் கூட்டை அவ்வளவு லேசாக யாராலும் செய்ய முடியாது. அதனால்தான் மூன்று அடுக்காகக் கட்டி, காலியான கூட்டை வழியிலேயே கழற்றி விடுகிறார்கள். அப்படியும் 500 கிலோதான், அதாவது கிளம்பிய எடையில் அரை சதவீதம்கூட இல்லை.

இப்போது திருப்பம். பஸ் வளைவில் திரும்புகிறது என்றால் டயரைப் பிடித்துக்கொள்ள ரோடு இருக்கிறது, டீசல் அதிகம் செலவாகாது. காற்று மண்டலத்துக்கு மேலே ராக்கெட்டுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. நொடிக்கு 2 கி.மீ வேகத்தில் போவதை அதே வேகத்தில் வெறும் 30 டிகிரி திருப்ப, நொடிக்கு 1 கி.மீ வேகம் கூட்டுவதற்கான எரிபொருள் வேண்டும். (நிஜத்தில் ஏறிக்கொண்டே திருப்புவதால் கொஞ்சம் குறையும்.) அந்த 1 கி.மீ-யை மேலே சொன்ன கணக்கில் சேர்த்தால், மிஞ்சுவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கூட்டின் எடை குறையாது, கருவிகளின் எடை குறையாது. வெட்டு மொத்தமும் விழுவது செயற்கைக்கோளின் தலையில். 320 டன் பிஎஸ்எல்வி இதைத் தாங்கிக்கொண்டு இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, 120 டன் ராக்கெட்டால் தாங்க முடியாது.

கேள்வி: தொட்டபெட்டா மாதிரி மலை உச்சியிலிருந்து ஏவினால் பாதி வேலை மிச்சம்தானே? (வாசகர், உதகை)

பதில்: இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், போக வேண்டியது 500 கி.மீ. அதைவிட முக்கியம், உயரம் அங்கே பெரிய செலவே இல்லை. ஒரு கிலோவை 500 கி.மீ உயர்த்த ஒரு பங்கு ஆற்றல் என்றால், அங்கே விழாமல் சுற்றும் வேகத்தைக் கொடுக்க ஆறு பங்குக்கு மேல் வேண்டும். காற்று கொஞ்சம் மெல்லியதாக இருக்கும், அந்தச் சின்ன லாபத்துக்காகக் கீழே விழும் அடுக்குகளை ஊர்களின் மேல் போட முடியுமா?

கேள்வி: ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் மாதிரி இஸ்ரோவும் முதல் அடுக்கைத் திருப்பி இறக்கினால் என்ன? (வாசகர், சேலம்)

பதில்: பிஎஸ்எல்வியிலும் எஸ்எஸ்எல்வியிலும் முடியாது. முதல் அடுக்கு திட எரிபொருள். பற்றவைத்தால் எரிந்து தீரும் வரை அணைக்க வழியில்லை, இறங்கும்போது மறுபடி பற்றவைக்கவும் எரிபொருள் மிஞ்சாது. ஃபால்கன் 9 திரவ எரிபொருள். அது 2015 டிசம்பரில் முதல் தடவை தரையிறங்கியது, 2017 மார்ச்சில் அப்படி இறங்கிய அடுக்கு ஒன்று மறுபடி பறந்தது. அதற்கும் விலை உண்டு. திரும்பி வரக் கொஞ்சம் எரிபொருளை மீதி வைக்க வேண்டும், கால்கள் வேண்டும், அதனால் 22.8 டன் தூக்கக்கூடிய ராக்கெட் 17 டன்னைச் சுற்றித்தான் தூக்குகிறது. மேல் அடுக்கில் ஒரு கிலோ கூடினால் செயற்கைக்கோளில் ஒரு கிலோ போச்சு. கீழ் அடுக்கில் கூடும் கிலோ அந்த அளவு கடிக்காது, அதனால் கட்டுப்படியாகிறது.

மீத்தேனில் ஓடி, முதல் அடுக்கைத் திரும்ப இறக்கும் புதிய ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 30 டன் வரை தாழ்வான பாதைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. என் கவலை வேறு. இறக்கிய அடுக்கை வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் பறக்கவிட்டால் செலவு குறையாது, அடிக்கடி பறக்க வேண்டும். அதற்கு வேண்டிய அளவு செயற்கைக்கோள்களை இப்போதிருந்தே நாம் கட்ட ஆரம்பித்திருக்க வேண்டும்.