டெக்சஸ்ல ஊருக்கு வெளிய 2 ஏக்கர்: "பெர்மிட்டே வேண்டாம்"னாங்க, இப்ப செப்டிக்குக்கு தடை

கேள்வி: வணக்கம் மேடம். ஆஸ்டின்ல வேலை பாக்குறேன். போன வருஷம் வடக்க ஒரு கவுண்டியில (நம்மூர் மாவட்டம் மாதிரி), எந்த சிட்டி லிமிட்லயும் வராத இடத்துல வீடு கட்டலாம்னு 2 ஏக்கர் வாங்குனோம். வித்தவர் தன்னோட 20 ஏக்கர் ரேஞ்சுலேர்ந்து அளந்து பிரிச்சுக் கொடுத்தார். உரிமையைச் சரிபாத்து கிரயத்தை முடிச்சுக் கொடுக்குற டைட்டில் கம்பெனி மூலமாத்தான் க்ளோசிங், நிலத்து உரிமையில சிக்கல் வந்தா கைகொடுக்குற டைட்டில் இன்ஷூரன்சும் இருக்கு. "இங்க பில்டிங் பெர்மிட்டே கிடையாது, நாளைக்கே அஸ்திவாரம் போடலாம்"னு அவரும் ரியல்டரும் (நில புரோக்கர்) சொன்னாங்க. இப்ப செப்டிக் பெர்மிட்டுக்குப் போனா, உங்க நிலம் பிளாட்டிங் ஆகலை, அதாவது பிரிச்சதுக்கு முறையா ஒப்புதல் வாங்கலை, அப்ளிகேஷனே வாங்க முடியாதுங்கிறாங்க. பில்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பெர்மிட் இல்லாத ஊர்ல இவங்க எப்படித் தடுக்க முடியும்? வித்தவர் மேல கேஸ் போடலாமா?

பதில்: தம்பி, முதல்ல பில்டருக்கு போன் பண்ணி வேலை ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, மிச்சத்தை அப்புறம் படிங்க. அஸ்திவார ஸ்லாப் ஊத்திட்டா பின்னாடி பேரம் பேசவே உங்க கையில ஒண்ணும் இருக்காது, கழிவுத் தண்ணிக்கு வழியில்லாத வீட்டுக்கு எந்த பேங்க்கும் லோன் தராது.

உங்ககிட்ட அவங்க சொன்னது பொய்னும் அடிச்சுச் சொல்ல முடியாது, வில்லங்கமே அங்கதான் இருக்கு. டெக்சஸ்ல ஒரு கவுண்டிக்கு சட்டசபை எதைக் கொடுத்திருக்கோ அந்த அதிகாரம் மட்டும்தான், சோனிங், அதாவது எந்த இடத்துல என்ன கட்டலாம்னு பகுதி பிரிச்சு விதி போடுற அதிகாரம் பொதுவா கிடையாது, சிட்டி மாதிரி வீட்டு பிளானை வாங்கிப் பாத்து பெர்மிட் கொடுக்குற வேலையும் பெரும்பாலான கவுண்டிகள்ல இல்லை. சில கவுண்டிங்க மட்டும் புது வீட்டுக்கு மூணு கட்டத்துல இன்ஸ்பெக்ஷன் கேக்கும், காங்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, டிரைவால் (உள்சுவர்ப் பலகை) அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, கடைசியா ஒண்ணு, அதையும் பில்டரே வெளி ஆளை வச்சு பண்ணி ரிப்போர்ட்டைக் கொடுக்கணும். (இது டெக்சஸ் கதை மட்டும்தான். கலிஃபோர்னியாவுல சிட்டிக்கு வெளிய இருந்தாலும் கவுண்டியே பில்டிங் பெர்மிட் கொடுக்கும், அதனால பே ஏரியா நண்பர் சொல்ற அட்வைசை இங்க தூக்கிட்டு வராதீங்க.)

ஆனா வீட்டுக்குத்தான் பெர்மிட் இல்லையே தவிர அந்த வீட்டோட கழிவுத் தண்ணிய மண்ணுல இறக்குறதுக்கு உண்டு, ஃபெமா (மத்திய அரசோட பேரிடர் அமைப்பு) மேப்புல வெள்ளப் பகுதின்னு காட்டுற இடத்துல மண் கொட்டுனாக்கூட உண்டு, ரோட்டுலேர்ந்து வண்டி ஏற டிரைவ்வே போடவும் உண்டு, எஃப்எம் ரோடா (மாநில அரசோட கிராமப்புற ரோடு) இருந்தா அதுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையான டெக்ஸ்டாட்கிட்டயே போகணும். கவுண்டி பிடிக்கிறதெல்லாம் இந்த இடங்கள்லதான். அதுலயும் செப்டிக்கைத் தாண்டாம யாரும் குடியேற முடியாது.

சரி, உங்க நிலத்துக்கு வருவோம். லோக்கல் கவர்ன்மென்ட் கோட் 232வது சாப்டர்படி சிட்டிக்கு வெளிய ஒருத்தர் தன் நிலத்தை லாட்டா பிரிச்சா பிளாட்டிங் பண்ணணும், அதாவது நம்மூர்ல லேஅவுட் அப்ரூவல் வாங்குற மாதிரி வரைபடம் போட்டு, கமிஷனர்ஸ் கோர்ட்ல ஒப்புதல் வாங்கி, கவுண்டி கிளார்க்கிட்ட பதியணும். (கமிஷனர்ஸ் கோர்ட்டுன்னு பேருதான், நாலு கமிஷனரும் ஒரு கவுண்டி ஜட்ஜும் உக்காந்து பட்ஜெட்டு ரோடுன்னு பேசுற சபை அது.) இதைப் பண்ண வேண்டியது பிரிச்சவர், நீங்க இல்லை. அவர் பண்ணாம சர்வேயர் எழுதின மீட்ஸ் அண்ட் பவுண்ட்ஸ் அளவை (எல்லைக் கோடுகளோட நீளமும் திசையும்) வச்சு டீடு, அதாவது கிரயப் பத்திரம், போட்டுட்டார், கிளார்க் ஆபீஸ்லயும் அதைப் பதிஞ்சுட்டாங்க, ஏன்னா டீடு பதியறவங்க இதையெல்லாம் பாக்குறது இல்லை. நிலம் உங்க நிலம்தான், அதுல சந்தேகமே வேண்டாம். கட்டத்தான் முடியாது.

இதுக்கு விதிவிலக்கு இருக்கு. பிரிச்ச ஒவ்வொரு துண்டும் 10 ஏக்கருக்கு மேல இருந்து புதுசா தெரு எதுவும் போடலைன்னா பிளாட்டிங் வேண்டாம், நெருங்கின சொந்தத்துக்குப் பிரிச்சுக் கொடுத்தாலும் பெரும்பாலும் வேண்டாம், வெறும் விவசாயத்துக்குன்னாலும் வேண்டாம். உங்க 2 ஏக்கர் இதுல எதுலயும் உக்காரலை. ஆனாலும் கிளார்க் ஆபீஸ் வெப்சைட்ல அந்த 20 ஏக்கரோட பழைய டீடெல்லாம் ஒருதடவை எடுத்துப் பாருங்க, சில சமயம் உங்க துண்டு எப்பவோ தனியா பிரிஞ்சு கிடந்து நடுவுல ஒரே ஆள் கைக்கு வந்திருக்கும், அப்படின்னா அந்தப் பழைய டீடைக் காட்டுனாலே பல கவுண்டிங்க விட்டுடும். இன்னொண்ணு, அந்த இடம் பக்கத்து சிட்டியோட இடிஜே, அதாவது சிட்டி லிமிட்டுக்கு வெளிய அதோட கை நீளுற எல்லைக்குள்ள வருதான்னு பாருங்க, சின்ன ஊருக்கு அரை மைல், ஒரு லட்சம் ஜனம் இருக்குற ஊருக்கு 5 மைல் வரைக்கும் அது போகும். உள்ள வந்தா பிளாட்டிங்ல சிட்டியும் மூக்கை நுழைக்கும். 2023 செப்டம்பர்லேர்ந்து எஸ்பி 2038னு ஒரு சட்டம் இருக்கு, மனு போட்டு இடிஜேலேர்ந்து வெளிய வந்துடலாம், ஆனா அதனால கவுண்டி பிளாட்டிங் ஒண்ணும் போயிடாது.

டைட்டில் இன்ஷூரன்சை நம்பாதீங்க. பாலிசியில எக்ஸ்க்ளூஷன்னு ஒரு பகுதி இருக்கும் பாருங்க, நிலத்தைப் பிரிக்கிறது சம்பந்தமான அரசு விதிகளை அதுலயே கழட்டி விட்டுருப்பாங்க.

கேஸ் போடலாமான்னா, போடலாம், ஆனா நான் அதை முதல் வேலையா சொல்ல மாட்டேன். வித்தவர்கிட்ட இன்னும் 18 ஏக்கர் மிச்சம் இருக்குல்ல, நாளைக்கு அதுலேர்ந்து இன்னொரு 2 ஏக்கர் விக்கப் போனா அவருக்கும் இதே முட்டுக்கட்டைதான், உங்க பிடி அங்கதான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டு பிளாட்டிங் பண்ணலாம், சர்வேயர் செலவும் கவுண்டி ஃபீசும் வித்தவரோடதுன்னு ஒரு லெட்டர் அவருக்குப் போகட்டும், வக்கீல் லெட்டர்ஹெட்ல. வரி பாக்கி இல்லைன்னு டேக்ஸ் சர்டிஃபிகேட் இல்லாம பிளாட்டைப் பதிய மாட்டாங்க, அதையும் அவரையே கொண்டு வரச் சொல்லுங்க.

அவர் மசியலைன்னா கான்ட்ராக்டை எடுங்க. டிஆர்இசி (டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷன்) ஃபாரமா இருந்தா 16வது பத்தி மீடியேஷன், அதாவது நடுவுல ஒருத்தரை வச்சு சமரசம் பேசுறது, பெரும்பாலும் அங்கதான் முடியும். அதுக்கும் மேல போனா ரியல் எஸ்டேட் மோசடிக்குன்னே பிசினஸ் அண்ட் காமர்ஸ் கோட்ல 27.01 இருக்கு, வாங்குறவங்களை ஏமாத்துறதுக்கு எதிரான டிடிபிஏ சட்டம் இருக்கு, டிடிபிஏவுக்கு 60 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், 2 வருஷக் கெடுவும் உண்டு, அதனால "பாத்துக்கலாம் பாத்துக்கலாம்"னு இழுக்காதீங்க. உங்க கேசோட பலமே எழுத்துல என்ன இருக்குங்கிறதுதான். "பெர்மிட் வேண்டாம்"னு மட்டும் சொல்லியிருந்தா அவர் வக்கீல் அது உண்மைதானேம்பார், "வீடு கட்டலாம்"னு ரியல்டர் மெசேஜ்லயோ விளம்பரத்துலயோ போட்டிருந்தா கதையே வேற. அந்த மெசேஜெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, இன்னைக்கே.

பிளாட்டிங் முடிஞ்சாலும் செப்டிக் தானா கிடைச்சுடாது. மாநில விதிப்படி குழாய்த் தண்ணி வர்ற லாட்டுக்கு அரை ஏக்கர், சொந்தக் கிணறுன்னா ஒரு ஏக்கர் வேணும், கவுண்டி அதைவிடக் கெடுபிடியாவும் வச்சிருக்கலாம். கழிவுத் தண்ணி விடுற இடத்தோட ரெண்டு முனையிலயும் குழி தோண்டி மண்ணைப் பாப்பாங்க, உங்க பக்கம் கருப்புக் களிமண் வந்தா சாதாரண டிரெயின்ஃபீல்டுக்கு (மண்ணுக்கடியில குழாய் போட்டுத் தண்ணிய இறக்குற இடம்) ஆகாது, காத்து செலுத்திச் சுத்தம் பண்ணுற ஏரோபிக் சிஸ்டம்தான், ஸ்ப்ரிங்க்ளர் வச்சு மேல தெளிக்கிறது, மெயின்டனன்ஸ் கான்ட்ராக்டோட. கிணறு போடுறதா இருந்தா டேங்க்லேர்ந்து 50 அடி, தெளிக்கிற இடத்துலேர்ந்து 100 அடி தள்ளி. இதையெல்லாம் வரைஞ்சு பாத்துட்டு வீடு எங்க உக்காரும்னு முடிவு பண்ணுங்க, நம்மாளுங்க வாஸ்து பாத்து வீட்டை வச்சுட்டு அப்புறம் செப்டிக்குக்கு இடம் தேடுறாங்க.

பில்டர் அட்வான்சுக்கு அவரோட அக்ரிமென்ட்ல பெர்மிட் கிடைக்கலைன்னா பணம் திரும்பும்னு ஏதாவது வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா இந்த வாரமே இமெயில்ல கேளுங்க, இல்லைன்னா வேலையை ஆறு மாசம் தள்ளி வைக்க அவர் சம்மதிக்கிறார்னு எழுதி வாங்குங்க, போன்ல சொன்னது பத்தாது.