ப்ளூ ஜே பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ப்ளூ ஜேன்னா வட அமெரிக்கால இருக்கற நீல நிறக் கொண்டைப் பறவை. டொரான்டோ பக்கம் பின்வாசல்ல பறவைங்களுக்கு தீனித் தட்டு வச்சு 14 வருஷமா இதுங்களோட சண்டை போட்டுட்டு இருக்கேன், அந்த தகுதி போதும்ல?

கே: அக்கா, நியூ ஜெர்சிக்கு வந்து ரெண்டு மாசம்தான். காலைல பருந்து கத்துதேன்னு ஓடிப்போய் பாத்தா ஒரு ப்ளூ ஜேதான் உக்காந்திருக்கு!

ப: ரெட் ஷோல்டர்ட் ஹாக்னு ஒரு பருந்து இருக்கு, அது குரல அச்சு அசலா எடுத்து விடும். கூட்டாளிங்கள உஷார் பண்ணன்னும் சொல்றாங்க, மத்த குருவிங்கள தட்டுலேர்ந்து விரட்டன்னும் சொல்றாங்க. எங்க வீட்டு கூத்த பாத்தா ரெண்டாவதுதான். காக்கா குடும்பம்பா, வேற எப்படி இருக்கும்.

கே: மத்த பறவை முட்டைய திங்குமாமே, துரத்திடவா?

ப: திங்கும், ஆனா பேரு கெட்ட அளவுக்கு இல்ல. 530 ஜே வயித்த ஆராய்ஞ்சு பாத்ததுல முட்டை, குஞ்சு தின்ன தடயம் வெறும் ஆறுலதான் இருந்துச்சு. பூச்சி, விதை, முக்கியமா ஓக் மரக் கொட்டை, இதான் சாப்பாடு. கொட்டைய தொண்டைப் பைல ரெண்டு மூணு, வாய்ல ஒண்ணு, அலகு நுனில ஒண்ணுன்னு அஞ்சு வரைக்கும் அடைச்சுட்டு போய் ஒண்ணொண்ணா மண்ணுல புதைச்சு வைக்கும். வர்ஜீனியால பிளாக்ஸ்பர்க்ங்கற ஊர்ல கணக்கு எடுத்தாங்க, 1981ல வந்த ஆய்வு, ஒரே சீசன்ல சில ஓக் மரத்துலேர்ந்து 1,33,000 கொட்டை தூக்கிட்டு போயிருக்கு, சராசரியா 1.1 கிலோமீட்டர் தூரத்துக்கு! தோண்டி எடுக்காம விட்டது முளைச்சுடும். அணில விட இதுதான் ஓக்க ரொம்ப தூரம் கொண்டு போகுது, இத போய் துரத்துவீங்களா?

கே: சியாட்டில்ல நாங்க பாக்கறது கருந்தலையா இருக்கே அக்கா?

ப: அது ஸ்டெல்லர்ஸ் ஜே. ப்ளூ ஜே பெரும்பாலும் ராக்கி மலைக்கு கிழக்கதான்.

கே: பொண்ணு ஒரு இறகு எடுத்து வந்தா, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா பழுப்பா தெரியுதே?

ப: இறகுல நீலச் சாயமே கிடையாதும்மா. உள்ள இருக்கற நுண்ணிய அமைப்பு ஒளிய சிதறடிக்கறதாலதான் நீலம், நசுக்கினா அதுவும் போயிடும். பாத்துட்டு எடுத்த இடத்துலயே போட சொல்லுங்க, அமெரிக்கால இறகு வச்சுக்கறதே சட்டப்படி தப்பு, வலசைப் பறவைங்கள காக்கற 1918 சட்டம்.

கே: எங்க தாத்தா நம்மூரு பனங்காடையதான் ப்ளூ ஜேன்னு சொல்வாரு...

ப: வெள்ளைக்காரன் வச்ச பேரு அது. பனங்காடை வேற குடும்பம், காக்காவோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

கே: ஆகஸ்ட்ல ஒண்ணு மொட்டைத் தலையோட வந்துச்சு, சீக்கா?

ப: பயப்படாதீங்க, இறகு மாத்துது. சிலதுக்கு தலை இறகு மொத்தமா ஒரே நேரத்துல உதிர்ந்துடும், கொஞ்ச நாள்ல கொண்டை திரும்ப வந்துடும். அதுவரைக்கும் தோலோட வேர்க்கடலை போடுங்க, உப்பு போடாதது.