பழஞ்சீலையை வெட்டிக் கரை வைத்தால் பழந்துணி மாதிரித் தெரியுமா?

யன்னல் சீலைக்கும் தலையணை உறைக்கும் வைக்கிற ரேந்தை (நூலால் பின்னிய கரை), சுருக்குக்கரை எல்லாம் கடையில் விலை கூடிவிட்டது, பழஞ்சீலையை வெட்டி வீட்டிலேயே செய்ய ஏலுமா, செய்தால் பழந்துணி மாதிரித் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

போர் முடிந்த பிறகு, 2010இல் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து கிளிநொச்சியில் உள்ள எங்கள் உருத்திரபுரத்துக்குத் திரும்பினோம். தகரமும் தறப்பாளும் போட்ட கொட்டில், கதவில்லை. வாசலில் தொங்கிய சீலைதான் கதவு. குமர்ப்பிள்ளை உள்ளே இருக்க, காற்றடிக்கிற நேரமெல்லாம் அது மேலே பறந்தது. கீழே பாரம் வேண்டும் என்றுதான் முதலில் சுருக்குக்கரை வைத்தேன். வடிவு பிறகு வந்தது.

அம்மாவின் பருத்திச் சேலை ஒன்று நடுவில் இத்துப்போய், ஓரங்கள் மட்டும் நன்றாக இருந்தன. 4 அங்குல அகலத்தில் கிழித்தேன். வாசல் 3 அடி என்றால் பட்டி 6 அடி வேண்டும். குறைத்தால் சுருக்கு சப்பையாகக் கிடக்கும். கீழ் ஓரத்தை இரண்டு தரம் மடித்துத் தைத்தேன். மேல் ஓரத்தில் கால் அங்குல இடைவெளி விட்டு இரண்டு வரி ஓட்டுத்தையல் போட்டு, நூல் முனைகள் இரண்டையும் சேர்த்து மெல்ல இழுத்தேன். ஒரு வரி மட்டும் போட்டால் சுருக்கு பிரண்டு நிற்கும். எல்லாம் கையூசியால்தான். ஓரம் மடிக்காமல் நூல் தொங்க விட்டால்தான் பார்க்கிறவர்களுக்குப் பழந்துணி என்று தெரியும். என் வாசலைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

வட்ட மேசை விரிப்பு போல வளைவான இடத்துக்குச் சுருக்கில்லாமல் தட்டையாகக் கரை வைப்பதென்றால் நேராக வெட்டிய பட்டி சரிவராது. துணியை மூலைக்கு மூலை மடித்துச் சாய்வாக, 45 பாகையில் வெட்டுங்கள். அதுதான் இழுபட்டு வளைவில் படுக்கும். துண்டுகளையும் சாய்வாகவே பொருத்தினால் ஒரே இடத்தில் மொத்தமாக நிற்காது.

கையால் பின்னுகிற ரேந்தைதான் வேலை, இது கிழிசல் வேலை என்று சிலர் சொல்ல வருவார்கள். நானும் கொக்கி ஊசி பிடித்தவள்தான். ஒரு முழம் பின்ன ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். வயலும் பிள்ளைகளும் உள்ளவளுக்கு அந்தப் பின்னேரம் எங்கே?

வாசலில் தொங்கிய அந்தச் சீலையைக் கண்டுவிட்டுத்தான் கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்துப் பிள்ளைகள், "அக்கா, மெசின் எடுங்கோ, கிழமைக்குக் கிழமை கட்டலாம்" என்றார்கள். வட்டியை விளக்கமாகச் சொல்லவில்லை. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். மழை பொய்த்து வயல் போன வருடமும் இருட்டும்வரை படலையில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் தவணைக்கு என் தோடு அடகுக்குப் போனது. அவளை நான் குறை சொல்லமாட்டேன். மெசினும் நல்ல மெசின், இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் கரை வைக்க ஊசியும் நூலும் போதும். அதற்கென்று கடன் எடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். புதுத் துணி என்றாலும் வெட்டுமுன் தோய்த்துக் காயவிடுங்கள். தைத்த பிறகு கரை சுருங்கினால் உறையையும் கோணலாக இழுக்கும். சிவப்பு, கருநீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வெள்ளை உறைக்கு வைக்க வேண்டாம். மகளின் கலியாணத்துக்கு நான் தைத்த இரண்டு வெள்ளை உறைகளும் முதல் தோய்ச்சலிலேயே ரோசா நிறமாகிவிட்டன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.