ஹெபடைடிஸ், ஆர்த்ரைடிஸ்: 'ஐடிஸ்' என்றால் என்ன?

ஹெபடைடிஸ், ஆர்த்ரைடிஸ், டான்சிலைடிஸ் என்று பல நோய்ப் பெயர்கள் ஏன் 'ஐடிஸ்' என்று முடிகின்றன எனக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கிரேக்க விகுதி அழற்சியைக் குறிக்கிறது. முன்னால் நிற்பது உறுப்பின் பெயர்: 'ஹெபார்' கல்லீரல், 'ஆர்த்ரான்' மூட்டு. ஆகவே கல்லீரல் அழற்சி, மூட்டழற்சி.

பலர் இடறுவது வேறு இடத்தில். அழற்சி என்றாலே கிருமித்தொற்று என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது, பாதிப்புக்கு உள்ளான திசுவில் உடல் காட்டும் எதிர்வினை. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதன் அடையாளங்கள். கிருமி ஒரு காரணம் மட்டுமே. கல்லீரல் அழற்சி வைரஸாலும் வரும், மதுவாலும் வரும். முடக்குவாத மூட்டழற்சியிலோ நம் நோயெதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்குகிறது. எனவே அறிக்கையில் 'ஐடிஸ்' என்று கண்டதும் தயவுசெய்து நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். எதனால் வந்த அழற்சி என்று மருத்துவரிடம் கேளுங்கள்.