டாங்கோ ஆடுபவர்கள் கூடிப் பேசினாலே சண்டை வருகிறதே, எப்படிச் சரிசெய்வது?

நான் பெர்லினில் எட்டு வருடமாக, அர்ஜென்டினாவின் ஜோடி நடனமான டாங்கோவை ஆடுகிறேன். எங்கள் குழுவிலும் இதே தலைவலி இருந்தது. யாராவது "இதெல்லாம் டாங்கோவே இல்லை" என்று ஆரம்பித்தால் போதும், அன்றைய சாயங்காலம் போச்சு.

அப்படிச் சொல்பவர் எந்த டாங்கோவை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். நெரிசலில் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துச் சின்ன அடி வைத்து ஆடுவதா, இடம் விட்டு நீளமாக நடப்பதா? இசைக்குழுத் தலைவர்களில் தரியென்சோவின் துள்ளலா, புக்லியேசேயின் இழுத்து நிறுத்தும் தாளமா? டாங்கோவின் ஊரான புவெனஸ் ஐரிஸிலேயே இந்தச் சண்டை பழசு. 1955இல் இசையமைப்பாளர் பியாசோலா தன் எட்டுப் பேர் குழுவில் மின்கிதாரைச் சேர்த்தபோது டாங்கோ ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். அதற்கு முன் அவரே திரோய்லோவின் மரபான டாங்கோ குழுவில், பந்தோனியோன் என்ற துருத்தி வாத்தியத்தை வாசித்தவர்தான்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்தோம். கருத்துச் சொல்பவர் அதற்கான பாட்டைப் போட்டு, ஆடிக் காட்ட வேண்டும். தி சர்லி என்ற இசைக்குழுத் தலைவரின் 1950களின் பதிவு ஒன்று ஓடினால், அரை மணி நேரம் வாதாடியவர்கள் மூன்று நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், திருத்துவது. மிலோங்காவில், அதாவது ஆடுவதற்காகக் கூடும் இரவில், துணையைத் திருத்துவது புவெனஸ் ஐரிஸில் மரியாதைக்குறைவு. அதற்குத்தான் பயிற்சி நேரமான பிராக்டிகா இருக்கிறது. எங்களிடம் ஒரு மூத்தவர், புதிதாக வந்த பெண்ணை ஆட்டத்தின் நடுவிலேயே நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுத்தார். அவர் சொன்ன நுணுக்கம் சரியா தவறா என்றுதான் மறுநாள் எல்லோரும் விவாதித்தோம். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் உட்பட. அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. இப்போது எதைப் பேசினாலும் துணை நடத்துவதைப் பின்தொடர்ந்து ஆடுபவர்களும் புதியவர்களும்தான் முதலில் பேசுகிறார்கள்.

அப்படிக் கேட்டபோது தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கண்ணால் பார்த்துத் தலையசைத்து ஆட அழைக்கும் கபெசெயோவைக் கட்டாயமாக்கலாமா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். கடைசியில் வயதான ஒரு அம்மா, "எதிர் வரிசையில் இருப்பவர் முகமே எனக்குத் தெரிவதில்லை" என்றார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் இரண்டு விளக்குகளைக் கூடுதலாகப் போட்டோம்.