வாங்குமுன் கேளுங்கள்: முற்றத்தில் பிரித்துப் போட்ட எஞ்சின்கள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, எங்கள் பக்கத்து வீடுகளின் பின்கோடியில் சாக்கு மூடிக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. 2025இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னரும், புதியதன் விலையைக் கேட்டவர்கள் பழையதையே திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவதையும் அதற்கு வர்ணம் அடிப்பதையும் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

சுன்னாகம் வாசகர்: அப்பாவின் ஹொண்டா 90 எஞ்சினைத் திருத்துவதற்காகப் பிஸ்ரன், றிங், கேஸ்கட் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடையொன்றிலிருந்து எடுப்பித்தேன். கழற்றிப் பார்த்தால் புதுப் பிஸ்ரன் சிலிண்டருக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். பிழை யாருடையது?

உங்களுடையது. ஹொண்டா 90 என்று அழைக்கப்படுபவை எல்லாம் ஒரே எஞ்சின் அல்ல. பழைய கப் வகையில் சிலிண்டரின் துளை 50 மி.மீ., பிஸ்ரனின் ஓட்டம் 45.6 மி.மீ.; பின்னாளில் வந்தவற்றில் துளை 47 மி.மீ., ஓட்டம் 49.5 மி.மீ. பெயரில் இரண்டுக்கும் 90 என்றுதான் இருக்கும். நீங்கள் "90க்குப் பிஸ்ரன்" என்று தொலைபேசியில் கேட்டீர்கள், அவர் 90க்குப் பிஸ்ரன் அனுப்பினார். சட்டக இலக்கத்தைச் சொல்லிக் கேட்டிருந்து, அதற்குப் பொருந்தாததை அவர் அனுப்பியிருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. பொதி பிரிக்கப்படாத கேஸ்கட்டையாவது மாற்றித் தரும்படி, அனுப்பு கூலியை நீங்களே ஏற்பதாகச் சொல்லி, தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். இனிமேலாவது முதலில் கழற்றி, கழுவி, அளந்து, அதன் பின்னர் காசை எடுங்கள். பழைய பிஸ்ரனின் தலையில் படிந்திருக்கும் கரியைச் சுரண்டினால் 25, 50 என்று ஏதேனும் ஓர் எண் பொறித்திருப்பது தெரியக்கூடும். உங்களுக்கு முன்னர் எவரோ சிலிண்டரின் துளையைப் பெரிதாக்கத் துளைத்திருக்கிறார் என்பதை அது சொல்லிவிடும்.

புலோலி வாசகர்: எங்கள் மோட்டார் சைக்கிள் 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. அதன் சிலிண்டர் இனி உதவுமா, புதிது வாங்குவதா?

சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்தை மறக்க முடியாது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலிருந்த ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலையும் நீர்க்கச் செய்தது என்பது உண்மை. ஆயினும் அதற்குப் பிறகு அந்தச் சிலிண்டர் துளைக்கப்பட்டதா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அளவுக்கருவிக்குத் தெரியும். மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் அளக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிய துளைக்குரிய ஓவர்சைஸ் பிஸ்ரன்கள் வழமையாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். கடைசிப் படியையும் தாண்டித் தேய்ந்திருந்தால்தான் சிலீவ் எனும் புதிய உட்குழாயை இறக்குவதோ புதிய சிலிண்டர் வாங்குவதோ. அதற்கு முன்னர் அந்த ஜப்பானிய வார்ப்பை இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கொடிகாமம் வாசகர்: கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஸ்பிரே வர்ணம் எஞ்சினுக்குப் போதுமா?

போதாது.

மானிப்பாய் வாசகர்: எஞ்சின் கேஸில் படிந்திருந்த பழைய ஒயில் அழுக்கைப் போக்குவதற்குக் கோஸ்ரிக் சோடாக் கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். "எந்த அழுக்கும் போய்விடும்" என்று கடையில் சொன்னார்கள். காலையில் பார்த்தால் கேஸ் கறுத்து, அம்மைத் தழும்பு விழுந்ததுபோல இருக்கிறது.

அழுக்கு மட்டுமன்றி அலுமினியமும் போயிருக்கிறது. கோஸ்ரிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஐதரசன் வாயுவை வெளியேற்றும். அடைத்த அறைக்குள் செய்திருந்தால், விளக்குத் திரியொன்றே ஆபத்தை வரவழைக்கப் போதும். வெளிப்புறத் தழும்புகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பெயாரிங் இருக்கும் குழியும், கேஸ்கட் பொருந்தும் முகமும் அரிக்கப்பட்டிருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் கேஸின் இரு பாதிகளும் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் பொருந்தாது. எதைக் கழுவப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளாமல் விற்றவர் மீது எனக்குக் கோபம் உண்டு. மண்ணெண்ணெயும் தூரிகையும், பிறகு சவர்க்காரமும் சுடுநீரும் போதுமாயிருந்திருக்கும்.

நெல்லியடி வாசகர்: லேத் பட்டறையில் சிலிண்டரை 0.50 ஓவர்சைஸுக்குத் துளைப்பித்தேன். பூட்டி ஓட்டினால் நீலப் புகை வருகிறது. திறந்து பார்த்தால் பிஸ்ரன் ஆடுகிறது. பட்டறைக்காரர் பிஸ்ரனில் பிழை என்கிறார், பிஸ்ரன் விற்றவர் லேத்தில் பிழை என்கிறார். இரண்டு இடத்திலும் துண்டு (பற்றுச்சீட்டு) தரவில்லை. நான் எங்கே போவது?

உங்களுக்கு நடந்தது அநியாயம், ஐயா. இப்படிப்பட்ட கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. பாகம் விற்றவரும் வேலை செய்தவரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டுவார்கள், நடுவில் நிற்பவர் காசு கொடுத்தவர்.

முதலில் பிழை எங்கே என்று பார்ப்போம். சிலிண்டரை அட்டவணையில் உள்ள அளவுக்குத் துளைப்பது போதாது. பூட்டப்போகும் பிஸ்ரனைக் கையில் வைத்து, அதை மைக்ரோமீற்றரால் அளந்து, அதற்கேற்பவே துளைத்து, ஹோன் செய்ய (சுவரைச் சாணைக்கல்லால் இழைக்க) வேண்டும். இத்தகைய சிறிய எஞ்சினில் பிஸ்ரனுக்கும் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான், தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவு. நீங்கள் பிஸ்ரனைக் கொடுக்காமல் சிலிண்டரை மட்டும் கொடுத்திருந்து, பட்டறைக்காரரும் கேளாமல் துளைத்திருந்தால், பிழை பெரும்பாலும் அங்கேதான். இப்போது இரண்டையும் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோய், பிஸ்ரனின் கீழ்ப்பகுதியை, அதன் குறுக்கே செல்லும் பிஸ்ரன் ஊசிக்குச் செங்குத்தான திசையில் அளந்தும், சிலிண்டரை அளந்தும், இரண்டு எண்களையும் திகதியோடு எழுதி வாங்குங்கள்.

இனி, நான் எத்தனை தடவை எழுதினாலும் ஆறாத விடயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் துண்டு கேட்பது ஏதோ அவமரியாதை போல ஆகிவிட்டது. கடைக்காரர் தெரிந்தவர், அவருடைய தம்பி எங்களோடு படித்தவர், கோயில் திருவிழாவில் சந்திப்பவர், அவரிடம் எப்படித் துண்டு கேட்பது என்று கூச்சப்படுகிறோம். அவரோ அந்தக் கூச்சத்தைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொள்கிறார். துணிந்து கேட்டவருக்கும் சிகரெட் பெட்டியின் உட்தாளில் "சாமான் – 14,500" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை, எந்தச் சாமான் என்பதும் இல்லை. "துண்டு வேண்டுமென்றால் விலை கூடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரும் உண்டு. அந்தச் சிரிப்பைக் கண்டால் நான் பொருளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை; அவர் செய்யும் தயவு அன்று. அதே சட்டம், கூலிக்கு வேலை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும், அந்த உடன்பாட்டில் அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. லேத் பட்டறைக்கும் அது பொருந்தும். பாகத்தின் துண்டில் பாக இலக்கமும் ஓவர்சைஸும் இருக்க வேண்டும்; லேத் துண்டில் துளைக்குமுன் அளவு, துளைத்தபின் அளவு, விட்ட இடைவெளி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நேர்மையாக அளந்தவருக்கு அதை எழுத அரை நிமிடம் போதும். எழுத மறுப்பவர் அளக்கவில்லை என்றே நான் கொள்வேன்.

உங்கள் கையில் துண்டு இல்லாவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். பணத்தை வங்கி மூலமோ கைத்தொலைபேசி மூலமோ அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, பேசிய குறுஞ்செய்திகள், இரண்டாவது பட்டறையின் அளவுச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து, அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பொருளோ சேவையோ கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பது விதி; "பார்ப்போம், பேசித் தீர்ப்போம்" என்று இழுக்கும் கடைக்காரர்கள் சிலருக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம்.

கோப்பாய் வாசகர்: எஞ்சின் வேலைக்கென்று பெரிய ஆயுதப் பெட்டி ஒன்று வாங்க நினைக்கிறேன். எது நல்லது?

பெட்டி வேண்டாம். பளபளக்கும் பெட்டியொன்றை நானும் வாங்கினேன். அதில் இன்று உருப்படியாக இருப்பது பெட்டி மட்டுமே. பழைய ஜப்பானிய எஞ்சின் மூடிகளின் நட்சத்திரத் திருகாணிகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய நியமத்துக்கு அமைந்தவை. பல திருகாணிகளின் தலையில் சிறு புள்ளியொன்று அதற்கு அடையாளமாக இருக்கும். சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அதில் முழுமையாக அமராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். அந்த நியமத்துக்குரிய ஸ்குரூ டிரைவர் ஒன்று, சுத்தியலால் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று, றிங் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் ஒன்று, சிறிய டோர்க் ரென்ச் ஒன்று ஆகியவற்றைத் தனித்தனியே நல்லதாக வாங்குங்கள். கார்ச் சக்கரத்துக்கு விற்கும் டோர்க் ரென்ச் இதற்கு உதவாது. எஞ்சின் மூடியின் 6 மி.மீ. போல்ற்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 10 நியூற்றன் மீற்றர்தான், அந்தப் பெரிய கருவி அதைக் காட்டுமுன் அலுமினியத்தின் புரி கழன்று கையோடு வந்துவிடும்.

வேலணை வாசகர்: "அதிக வெப்பம் தாங்கும்" என்று எழுதியிருந்த சைலன்சர் வர்ணத்தையே எஞ்சினுக்கும் அடித்தேன். காபுரேற்றரிலிருந்து பெற்றோல் சொட்டிய இடமெல்லாம் கரைந்து வழிகிறது. போலி வர்ணமா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. சைலன்சர் வர்ணம் 600 பாகைக்கு மேலும் தாங்கும் என்பது சரிதான், ஆனால் அது இறுகுவதற்கும் பெருஞ்சூடு வேண்டும். சைலன்சர் அந்தச் சூட்டை எட்டும். காற்றால் குளிரும் சிறிய எஞ்சினின் கேஸ் எட்டாது. ஆகவே வர்ணம் காய்ந்ததுபோலத் தோன்றி, பெற்றோல் பட்டதும் இளகுகிறது. எஞ்சினுக்கென்று விற்கப்படும் எனமல் வேறு. அது ஏறத்தாழ 260 பாகை வரைதான் தாங்கும், ஆனால் பெற்றோலுக்கும் ஒயிலுக்கும் நின்று பிடிக்கும். லேபலில் பெரிய எழுத்திலுள்ள வெப்ப அளவை மட்டும் பார்த்து வாங்காமல், பெற்றோல் தாங்குமா, எவ்வாறு சூடாக்கி இறுக்க வேண்டும் என்ற சிறிய எழுத்தையும் வாசியுங்கள்.

நீங்கள் தீவகத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூக்கும். அந்தப் பூப்பை முழுவதும் தேய்த்து எடுக்காமல் மேலே எந்த விலையுயர்ந்த வர்ணத்தை அடித்தாலும், அது உள்ளேயிருந்து கொப்பளித்துக் கிளம்பும். வெற்று அலுமினியம் தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, விரல் படாமல் வைத்து, அலுமினியத்தைப் பற்றிப்பிடிக்கும் எட்ச் பிரைமரை மெல்லியதாக அடித்த பின்னரே நிறத்துக்குப் போக வேண்டும். சிலிண்டரின் குளிர்த் தகடுகளுக்கு இரு பக்கமிருந்தும் சாய்வாக அடியுங்கள். அங்கே தடித்த வர்ணம் வெப்பத்தை வெளியே விடாது. கேஸ்கட் முகம், திருகாணிப் புரி, மின்சாரத்தின் ஏர்த் வயர் தொடும் இடம் ஆகியவற்றை ஒட்டுத்தாளால் மறைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அடித்தால் ஈரத்தில் வர்ணம் வெளிறும். சோளகம் வீசும்போது திறந்த முற்றத்தில் அடித்தால் ஊர்ப் புழுதி முழுவதும் அதில் குடியேறும். ஹார்ட்னர் கலக்கும் இருகலவை வர்ணத்தைத் துணி முகக்கவசத்தோடு அடிக்க நினைக்கவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற்று நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. ஸ்பிரே டப்பாவே போதும். கொம்பிரசர் வாங்கும் செலவும் தேவையில்லை. மலிவு விலையில் நான் வாங்கிய சிறிய கொம்பிரசர் பாதிக் கேஸ் அடிக்குமுன் மூச்சிரைத்து நின்றது. இப்போது வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறது.

அரியாலை வாசகர்: திருத்திய எஞ்சினுக்கு, வானுக்கு வாங்கி எஞ்சிய விலையுயர்ந்த கார் ஒயிலை ஊற்றினேன். இப்போது கிளச் வழுக்குகிறது.

உங்கள் எஞ்சினில் கிளச்சும் அதே ஒயிலுக்குள்தான் சுழல்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஒயில் கிளச் தகடுகளின் பிடியையும் குறைத்துவிடும். ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறி அச்சிட்ட மோட்டார் சைக்கிள் ஒயிலை மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி மாற்றுங்கள். புதிய றிங் படியும் காலம் என்பதால் அதையும் சில நூறு கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். பிறகும் வழுக்கினால் தகடுகளை மாற்ற வேண்டிவரும். வெறும் ஒயில் கான்களை முழுதாக விற்றுவிடாமல் துளையிட்டு எறியுங்கள். போலி ஒயில் அவற்றுக்குள்தான் மறுபிறவி எடுக்கிறது.

சாவகச்சேரி வாசகர்: பதிவுப் புத்தகம் இல்லாத எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது. இலக்கத்தைத் தேய்த்துவிட்டு வர்ணம் அடித்தால் தெரியாது என்கிறார் விற்பவர்.

தெரியும். அப்படிச் சொல்பவரிடம் ஒரு நட்டுக்கூட வாங்காதீர்கள். எஞ்சின் இலக்கம் உங்கள் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். தேய்த்த இலக்கத்தோடு பொலிஸ் மறித்தால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான், அவர் அல்லர். முறையான எஞ்சினுக்கு வர்ணம் அடிப்பவர்களும் இலக்கத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு அடிக்க வேண்டும்.

திருநெல்வேலி வாசகி: என் கணவர் எஞ்சின் மூடிகளுக்கு வர்ணம் அடித்துவிட்டு, அதை இறுக்குவதற்கு என் கேக் ஓவனைக் கேட்கிறார். "நன்றாகக் கழுவிய மூடிதானே" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம், அம்மா. வர்ணத்திலிருந்து கிளம்பும் ஆவியும், அலுமினியத்தின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும் ஒயிலும் ஓவனின் உட்சுவரில் படியும்; அதன் பிறகு அதில் உணவு சமைக்கக் கூடாது. மூடிகளைப் பூட்டி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, முற்றாக ஆறவிட்டு, அடுத்த தடவை இன்னும் சற்றுக் கூடுதலாக ஓடவிட்டு என்று படிப்படியாகச் சூடாக்கினால் எனமல் தானாகவே இறுகும். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதற்கு முன்னரே உங்களுக்குத் தெரியாமல் ஒரு தடவை வைத்துவிட்டாரானால், அந்த ஓவனை அவருடைய பட்டறைக்கே கொடுத்துவிட்டு, உங்களுக்குப் புதியதொன்றை வாங்கித் தரச் சொல்லுங்கள்.