கர்ப்பிணிகளுக்குப் புரோட்டீன் பவுடர் டின் வாங்கிக் கொடுக்கலாமா?

"நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, எங்கள் பகுதியில் வசதியில்லாத கர்ப்பிணிகளுக்கு உதவலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கொரு புரோட்டீன் பவுடர் டின் கொடுக்கலாம் என்பது யோசனை. ஆனால் இலவசமாகக் கிடைக்கிற இரும்புச்சத்து மாத்திரையையே பலர் சாப்பிடாமல் போட்டு வைத்திருக்கிறார்கள். எதைச் செய்தால் பலன் இருக்கும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

டின் வேண்டாம். ஏழை வீட்டுக் கர்ப்பிணிக்குப் பெரும்பாலும் குறைவது மொத்தச் சாப்பாடு, புரோட்டீன் அதில் ஒரு பகுதிதான். வயிறு நிறையாத உடம்பு, தனியாகக் கொடுக்கிற புரோட்டீனையும் விறகு மாதிரி எரித்துத் தீர்த்துவிடும். உலக சுகாதார நிறுவனமே புரோட்டீன் மிக அதிகமாக உள்ள சத்துணவைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. உணவுப் பற்றாக்குறை உள்ள இடங்களில் மாவுச்சத்து, கொழுப்பு, புரோட்டீன் மூன்றும் சமநிலையில் இருக்கிற உணவைத்தான் சொல்கிறது, அதனால் குழந்தை இறந்து பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அதனால் டின்னுக்கு வைத்திருக்கும் பணத்தில் பருப்பு, பயறு, முட்டை, எண்ணெய், அயோடின் உப்பு என்று வாங்கிக் கொடுங்கள். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். நல்ல எடையுள்ள பெண்ணுக்கு முதல் மூன்று மாதம் கூடுதலாக எதுவுமே தேவையில்லை, நடு மாதங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி, கடைசி மாதங்களில் 450 வரை கூடினால் போதும். ஏற்கெனவே மெலிந்திருக்கிற பெண்ணுக்குத்தான் இதைவிட அதிகம் வேண்டும், உங்கள் உதவி முதலில் போக வேண்டியதும் அவளுக்குத்தான்.

அப்புறம், எப்போது போய்ச் சேருகிறீர்கள் என்பது எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். வயிறு தெரிந்த பிறகு ஐந்தாம் மாதம் போய்ப் பார்த்தால் பாதி வாய்ப்பு போய்விட்டது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும், பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே உறைத்திருக்காது. அது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் என்ற பி வைட்டமின் வேண்டும், தினம் 0.4 மில்லிகிராம், குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். எனவே கர்ப்பிணிகள் பட்டியல் மட்டும் போதாது, குழந்தை வேண்டும் என்று இருக்கிற பெண்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். (இந்த ஃபோலிக் ஆசிட்டின் கதையே ஏழைக் கர்ப்பிணிகளிடம்தான் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதற்குள் இருந்த பொருள்தான் ஃபோலேட், அதாவது ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவம் என்பது பின்னால் தெரிந்தது.)

இனி இரும்புச்சத்து மாத்திரைக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் கனமான இடம் இதுதான். அந்தப் பெண்களுக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சத்து ஏறினால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தின் நிறம்தான், ஆபத்தில்லை என்று முதல் நாளே ஒருவர் பொறுமையாகச் சொல்லியிருந்தால் பலர் விட்டிருக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக உடம்பில் சேரும் என்பது உண்மைதான், ஆனால் குமட்டலுக்குப் பயந்து போடாமலே விடுவதற்கு, ராத்திரி சாப்பிட்டபின் போட்டுவிட்டுப் படுப்பது எவ்வளவோ மேல். டீ, காபி, பால் இவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ புளிப்பான பழமோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் அதை வேறு வேளைக்குத் தள்ளுங்கள், இரண்டும் ஒன்றாகப் போனால் கால்சியம் இரும்பை ஏறவிடாமல் தடுக்கும். இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இந்த மாத்திரைகளைச் சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து, கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மண் தின்னத் தோன்றுகிறது என்று ஒரு பெண் கூச்சத்தோடு சொன்னால் திட்டாதீர்கள், ரத்தசோகையின் அறிகுறியாக அது இருக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7க்குக் கீழே என்றால் உங்கள் குழு சமாளிக்கிற விஷயமில்லை, உடனே ஆஸ்பத்திரி.

பரிசோதனைக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று கேட்பார்கள். முன்பு குறைந்தது 4 என்றிருந்ததை 2016இல் உலக சுகாதார நிறுவனம் 8 ஆக்கியது, முதலாவது 12 வாரத்துக்குள். ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், டெட்டனஸ் ஊசி எல்லாம் இதில் அடங்கும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுகிற பால்வினை நோயான சிஃபிலிஸை நேரத்தோடு கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியிலேயே குழந்தை தப்பிக்கும், அதைப் பார்க்காமல் விட்டு ஒரு குழந்தையை இழப்பதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. பரிசோதனை இலவசம்தானே, ஏன் போகவில்லை என்று கேட்கிறோம். ஒரு நாள் கூலி போகும், வண்டிச் செலவு இருக்கிறது, மூத்த குழந்தையை யாரிடம் விடுவது? உங்கள் பணம் நிஜமாக வேலை செய்யப்போவது இங்கேதான். அந்த நாள் கூலியைக் கொடுங்கள், கூட ஒருவர் போங்கள், குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு மீந்ததுதான் கர்ப்பிணிக்கு. அதனால் பேச்சை அவளோடு நிறுத்தாதீர்கள், கணவரும் மாமியாரும் இருக்கும்போது பேசுங்கள், குற்றம் சாட்டுகிற தொனி மட்டும் வேண்டாம். மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி, அவர்கள் பிரச்சினையை அவர்களே பேசித் தீர்வு தேட வைப்பதும் பெரிய பலன் தரும். இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளில் நடந்த 7 ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் 30 சதவீதமாவது இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வந்த இடங்களில் தாய்மார் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

முதல் கூட்டத்திலேயே ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிவிடுங்கள்: ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, முகம் வீங்குவது, வலிப்பு, காய்ச்சல், நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி கூப்பிட்டால் வருகிற வண்டிக்காரர் யார், பணம் யார் கையில் இருக்கும், ரத்தம் கொடுக்க யார் தயார் என்பதை எட்டாம் மாதத்துக்கு முன்பே பேசி, அந்தப் பெண்ணின் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.